அறுக்கக்கூடாத கயிறு

அந்த மஞ்சப் பையை மட்டும் கீழ வச்சிராத தாயி. கால் பட்டுரும். இப்படிக் குடு, நான் மடியிலயே வச்சுக்கிடுதேன். உள்ள சாமி சாமான் இருக்கு. பெரிய பை கெடந்தாக் கெடக்கட்டும், அதுல பூராவும் துணிதான். என் பழைய வாயில் சேலையெல்லாம் துவைச்சுத் துவைச்சுப் பஞ்சு மாதிரி ஆயிருந்துச்சு, அத்தனையையும் கிழிச்சுட்டேன், பேத்திக்கு. பச்ச உடம்புக்குக் கடைத்துணி ஆகுமா?

நீயும் மதுரைக்கா? நல்லதாப் போச்சு. ஜன்னலோரம் நீயே இரு, எனக்குக் காத்து ஒத்துக்கிடாது. காதுல அந்த ஒயரை மாட்டப் போறியா? மாட்டிக்கோ, மாட்டிக்கோ. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வாறேன், உனக்கு எப்பம் தோணுதோ அப்பம் கழட்டிக் கேட்டுக்கோ. கழட்டிட்டியா? நல்ல பிள்ளை. உங்கம்மா நல்லா வளத்திருக்கா.

எனக்கு ஒரே ஒரு மக. ஆவுடைச்செல்வி. மதுரையில கட்டிக் குடுத்திருக்கு. அவ பள்ளிக்கூடம் போய்க்கிட்டு இருக்கையிலயே அவுக அப்பா போய்ச் சேந்துட்டாக. ஒத்தையில நின்னு படிக்க வச்சேன், கட்டிக் குடுத்தேன், எல்லாம் ஆச்சு. எனக்குன்னு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆசைதான். அவ தலைப்பிரசவம் என் வீட்டுல, என் கையில ஆகணும். அவ்வளவுதான். இது என்ன பேராசையா? தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டுக்கு வராம வேற எங்க போவா ஒருத்தி?

கோவில்பட்டியில வீட்டுக்குப் பக்கத்துலயே ஆஸ்பத்திரி பாத்து, டாக்டரம்மாகிட்ட சொல்லி வச்சிருந்தேன். முன் அறைக்கு வெள்ளையடிச்சேன். புதுசா கட்டில் வாங்கிப் போட்டேன். பிரசவ மருந்து இடிச்சு டப்பாவுல அடைச்சு வச்சேன். எல்லாம் அப்படி அப்படியே கெடக்கு. கட்டில்ல இப்பம் பக்கத்து வீட்டுப் பூனை படுத்துத் தூங்குது தாயி. விரட்டவும் மனசில்லாமப் போச்சு.

பிள்ளை மதுரையிலயே பெறந்துட்டு. எனக்குப் போன்லதான் சொன்னாக.

எதனாலன்னு கேளு. ஒரு பெல்ட்டு! காருக்குள்ள ஒரு ரப்பர் பெல்ட்டு இருக்காம்லா, அது அறுந்து போச்சு. ஒரு ரப்பர்த்துண்டு அறுந்து, நான் அத்தனை வருசமாச் சேத்து வச்ச ஆசை ரோட்டுல போயிட்டு. சிரிக்காத. சிரிக்கலையா? சரி.

மாப்பிள்ளையை நான் குத்தம் சொல்லலை. திருமலைக்குமார்னு பேரு, டைல்ஸ் கம்பெனியில மேனேஜர். குடி இல்ல, பீடி இல்ல. ஆனா வீம்பு. பேசவே மாட்டாரு. நாம ஒண்ணு சொன்னா ஒண்ணு சிரிப்பாரு, இல்லேன்னா சும்மா பாப்பாரு. பேசாத ஆளு உள்ளுக்குள்ள என்னத்தையோ வச்சிருக்காருன்னுதானே அர்த்தம்? செல்விகிட்ட சொன்னா, "எம்மா, அவரு குணமே அப்படித்தான், நீ சும்மா இரு"ங்கா. இப்பமெல்லாம் அவ என்கிட்ட அதிகமாச் சொல்லுத வார்த்தை அதுதான். சும்மா இரு.

அவரு கார் வாங்கினாரு. புதுசு இல்ல, யாரோ ஓட்டிக் கழிச்ச வண்டி. அதை எப்பம் வாங்கினாரு? ஆடியில! ஆடி மாசத்துல யாராவது வண்டி வாங்குவாகளா? "ஆடியிலதான் அத்தை குறைச்சுக் குடுப்பாக"ங்காரு. சாமியும் அப்படித்தானே குறைச்சுக் குடுக்கும்? நான் சும்மா இருப்பேனா? எலுமிச்சம்பழமும் பச்சமிளகாயும் கோத்துக் கொண்டுபோய் முன்னால கம்பியில கட்டினேன். மறுநாள் பாத்தா காணோம். கேட்டா, "பெயிண்ட் கெட்டுரும் அத்தை, சாமி படத்துக்கிட்ட வச்சிருக்கேன்"ங்காரு. காருக்கு வேண்டியதைக் கொண்டுபோய்ச் சாமிக்கு மாட்டினா என்ன அர்த்தம்? சாமிக்கு யாரு கண்ணு வைக்கப் போறா?

அதுக்கப்புறம்தான் எங்க கரையடி அம்மன் கோயில்ல போய்க் கயிறு வாங்கினேன். எங்க குலசாமி. தாயி, அந்தக் கயிறு சாதாரணமில்ல. மஞ்சள்ல நனைச்சு, அம்மன் பாதத்துல வச்சு எடுத்து, பூசாரி கையால முழம் போட்டுக் குடுப்பாரு. அதுக்கு ஒரு முறை இருக்கு. கட்டினது போக எவ்வளவு மிஞ்சினாலும் அறுக்கக்கூடாது. கத்தி, கத்திரிக்கோல் எதுவும் படக்கூடாது. அம்மன் அளந்து குடுத்ததை நாம அறுத்தா, ஆயுசை அறுத்த மாதிரி. தானா அறுந்து விழுந்தா அது வேற கணக்கு. நமக்கு வர இருந்ததை அது வாங்கிக்கிட்டு விழுந்துட்டுன்னு அர்த்தம்.

கயித்தை வாங்கி மடியில வச்சுக்கிட்டே வளைகாப்புக்குப் போனேன். ஒம்பதாம் மாசம், மதுரையில மண்டபம் பிடிச்சு நல்லாத்தான் செஞ்சாக, இல்லேன்னு சொல்ல மாட்டேன். செல்வியை மனையில உக்கார வச்சு, ஒவ்வொருத்தியாப் போய் சந்தனம் பூசி வளையல் போடுதாக. நான் தூண் ஓரமா நிக்கேன். சம்பந்தியம்மா என் கையைப் பிடிச்சு இழுத்து, "வாங்க, முத வளையல் நீங்க போடுங்க, இந்தக் காலத்துல அதெல்லாம் யாரு பாக்கா"ன்னாக. நாலு பேரு பாக்க ஒப்புக்குச் சொல்லுததுதானே? நான் போவேனா? தாலி அறுத்தவ கையால போட்டு, என் பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டுன்னா? கையை உருவிக்கிட்டேன். அந்தம்மா முகம் ஒரு மாதிரி ஆயிட்டு. ஆகட்டும்.

நீயே நெனச்சுப் பாரு. பெத்தவ நான். ஊர்ல உள்ளவ எல்லாம் என் மக கன்னத்துல சந்தனம் பூசுதா, நான் தூரத்துல நின்னு கண்ணைத் தொடைக்கேன். எனக்குன்னு செய்ய அங்க ஒண்ணுமே இல்லை. ஒண்ணுமே இல்லை தாயி. வயிறு எரிஞ்சுக்கிட்டு வெளிய வந்துட்டேன்.

வெளிய வந்தா கார் நிக்கி. சாப்பாடு முடிஞ்சதும் கோவில்பட்டிக்குக் கிளம்பணும்லா, அதுக்காக மாப்பிள்ளை முன்மூடியைத் திறந்து தண்ணி எல்லாம் பாத்திருக்காரு. அதுக்குள்ள போட்டோவுக்கு அவரைக் கூப்பிட்டுட்டாக. மூடியை லேசாச் சாத்தி வச்சுட்டு உள்ள போயிட்டாரு. எனக்கு அம்மனே வந்து கதவைத் திறந்து வச்ச மாதிரி இருந்துச்சு. பெயிண்ட் கெட்டுரும்னுதானே சொன்னாரு? உள்ள ஏது பெயிண்ட்?

தூக்கிப் பாத்தேன். உள்ள ஒரே இரும்பும் குழாயுமா இருக்கு. ஓரமா, கட்டுததுக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு கம்பி. அதுல மூணு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். மிச்சம் நல்ல நீளம் இருந்துச்சு. அறுக்கக்கூடாதுல்லா? சுருட்டி ஒரு சந்துல சொருகி விட்டேன். "தாயே, என் பிள்ளையைப் பூப்போல கொண்டுவந்து என் வீட்டுல சேத்துரு"ன்னு கையெடுத்துக் கும்பிட்டு மூடியைச் சாத்தினேன். அன்னைக்கு அந்த மண்டபத்துல என் மகளுக்கு நான் செஞ்சது அது ஒண்ணுதான்.

மத்தியானம் கிளம்பினோம். மாப்பிள்ளை ஓட்டுதாரு, நானும் செல்வியும் பின்னால. கை நிறைய வளையலோட என் தோள்ல சாஞ்சு படுத்திருந்தா. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அவளைப் பெத்த அன்னைக்குக்கூட அப்படி ஒரு சந்தோசம் இல்லை. இனிமே இவ எனக்குத்தான், ரெண்டு மூணு மாசத்துக்கு என் பிள்ளைன்னு நெனச்சேன். திருமங்கலம் தாண்டியாச்சு, விருதுநகர் தாண்டியாச்சு. அதுவரைக்கும் அம்மன் கைமேல வச்சுக் கொண்டுவந்தா.

அதுக்கப்புறம்தான் முன்னாலருந்து ஒரு சத்தம். கிரீச்சுன்னு, பூனைக்குட்டியை மிதிச்ச மாதிரி. "என்ன மாப்பிள்ளை சத்தம்?"ங்கேன். "பாக்கேன் அத்தை"ங்காரு. ஒரு கருகல் வாடை. நான் சொன்னேன், "ஏசியை அமத்துங்க, அதுதான் கத்துது"ன்னு. செல்வி, "எம்மா, நீ கொஞ்சம் பேசாம வா"ங்கா. பேசாம வந்தேன். டப்புன்னு ஒரு அடி. வெடிச்ச மாதிரி. உள்ள என்னமோ படபடன்னு அடிச்சு அடங்குது. முன்னால சிவப்பு விளக்கு எரியுது. ஏசியில அனல்காத்து வருது. மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடிச்சுத் திருப்புதாரு, திரும்ப மாட்டேங்கு. கல்லு மாதிரி ஆயிட்டாம். பல்லைக் கடிச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் இழுத்து, எப்படியோ ஓரத்துல கொண்டுபோய் நிப்பாட்டினாரு. நான் செல்வி வயித்தை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டேன்.

இந்தா! சாத்தூர் தாண்டிட்டமா? அந்தப் பக்க ரோட்டைப் பாரு தாயி. நடுவுல அரளிச்செடி நிக்கில்லா, அதுக்கு அங்கிட்டு, கூரை போன நிழற்குடை ஒண்ணு, சிமெண்டு பெஞ்சு மட்டும் கெடக்கும். பாத்தியா? பாத்துட்டியா? அந்த இடந்தான். போயிட்டு. பஸ்ஸு என்னா வேகமாப் போகுது. அன்னைக்கு அங்க நின்னது எனக்கு ஒரு யுகம்.

மூடியைத் திறந்தா புகையா ஆவியா வருது. மாப்பிள்ளைக்கு ஓட்டத் தெரியுமே ஒழிய உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. பாட்டில் தண்ணியைக் கையில வச்சுக்கிட்டு எங்க ஊத்தன்னு தெரியாம முழிக்காரு. யார் யாருக்கோ போன் போடுதாரு. வெயில்னா வெயில், சித்திரை வெயில். செல்வியை அந்த பெஞ்சுல உக்கார வச்சேன். பக்கத்துல ஒரு வேம்பு, அதோட நிழலு ஒரு ஆளுக்குக்கூடப் பத்தாது. அவ காலு வீங்கிப்போய்க் கெடக்கு. முந்தானையால விசிறுதேன். கார் காராப் போகுது, லாரி லாரியாப் போகுது, ஒருத்தன் நிக்கலை. நான் என்ன செய்ய? சொல்லு. தாம்பூலப் பையில இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து வண்டியைச் சுத்தி, ரோட்டுல போட்டு மிதிச்சேன். மாப்பிள்ளை பாத்துக்கிட்டே நின்னாரு.

ஒருவழியா சாத்தூர்லருந்து ஒரு மெக்கானிக் பைக்குல வந்தான். ஜெயசீலன்னு பேரு. வாய் ஓயாத ஆளு. தலையை உள்ள விட்டுப் பாத்துட்டு, "பெல்ட் போச்சு அண்ணாச்சி"ன்னான். ஒரே பெல்ட்டுதானாம் எல்லாத்தையும் சுத்துதது. பேட்டரிக்குக் கரண்டு ஏத்துததும் அதுதான், ஏசியைச் சுத்துததும் அதுதான், தண்ணியை ஓட்டுததும் ஸ்டியரிங்கை லேசாக்குததும் அதுதான். "ஒண்ணு போனா எல்லாம் போச்சு, வண்டி கொதிச்சு நின்னுரும்"ங்கான். என்ன வண்டியோ! ஒத்த ஆள் தலையில அத்தனை வேலையையும் கட்டினா அது அறுந்துதானே போகும்? எனக்குத் தெரியாதா அது?

அவன் அந்தப் பெல்ட்டை வெளிய இழுத்துப் போட்டான். நார்நாராக் கிழிஞ்சு, செத்த பாம்பு மாதிரி. போட்டுட்டு மறுபடி உள்ள கையை விட்டுத் துழாவினான். அங்க ஒரு சக்கரம், 'புல்லி'ன்னு சொல்லுதான், அதைச் சுத்தி மஞ்சளா என்னமோ இறுகிக் கெடக்கு. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துட்டு. அம்மன் கயிறு! கட்டின இடத்துலருந்து இறங்கிப் போய், அந்தச் சக்கரத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கி தாயி! வண்டி மேற்கொண்டு போய் எங்கேயாவது மோதிரக்கூடாதுன்னு. சாத்தூர் தாண்டி ஏதோ ஒரு லாரி எங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கு. அதுலருந்து தப்பிச்சிருக்கோம்.

அந்த மெக்கானிக்குக்கு அது தெரியுமா? "யாரு அண்ணாச்சி இந்தக் கூத்துப் பண்ணினது? பெல்ட் ஓடுத இடத்துல யாராவது கயித்தைக் கட்டுவாகளா? இது போய்ச் சிக்கித்தான் பெல்ட்டைக் கிழிச்சிருக்கு"ன்னு கத்துதான். நான் வாயைத் திறக்கப் போனேன். அது அப்படி இல்லப்பா, அது காப்பாத்தியிருக்குன்னு சொல்லத்தான். அதுக்குள்ள மாப்பிள்ளை திரும்பி என்னைப் பாத்தாரு. ஒரு பார்வை. பாத்துட்டு அவன்கிட்ட சொல்லுதாரு, "நான்தான் கட்டினேன். தெரியாமக் கட்டிட்டேன், நீங்க வேலையைப் பாருங்க".

கேட்டியா? நான்தான் கட்டினேங்காரு! எப்படி இருக்கும் எனக்கு? எங்க குலசாமி கோயிலுக்குப் போனது நான், பூசாரி கையால வாங்கினது நான், மூணு முடிச்சுப் போட்டது நான். உயிரைக் காப்பாத்தின புண்ணியம் மட்டும் அவருக்கு! எலுமிச்சம்பழத்தைக் கழட்டிப் போட்ட மனுசன்! அப்பவும் நான் விட்டுக் குடுத்தேன். மாப்பிள்ளைன்னா அப்படி இப்படி இருக்கத்தான் செய்வாரு. நடுரோட்டுல நின்னு பொய்னு சொல்ல முடியுமா?

ஆனா அடுத்து நடந்ததைத்தான் என்னால மறக்க முடியலை. அந்தப் படுபாவி மெக்கானிக் பையிலருந்து பிளேடை எடுத்தான். "ஐயா, அறுக்காத, அறுக்காத"ன்னு ஓடுதேன். "அறுக்காம எப்படி எடுக்கது ஆச்சி?"ங்கான். "கையால பிரிச்சு எடு, நேரமானாலும் பரவாயில்ல"ங்கேன். மாப்பிள்ளை என் தோளைப் பிடிச்சு, "அத்தை, நீங்க போய் செல்விகூட உக்காருங்க"ன்னாரு. பிடிச்சு நகட்டினாரு தாயி, நகட்டினாரு. அவன் அறுத்துட்டான். துண்டு துண்டா அறுத்துக் கீழ போட்டான். மாப்பிள்ளை குனிஞ்சு ஒவ்வொண்ணாப் பொறுக்கி சட்டைப் பைக்குள்ள வச்சுக்கிட்டாரு.

நான் திரும்பி வாறேன், செல்வி பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு உக்காந்திருக்கா. "எம்மா, வயித்தை இழுத்துப் பிடிக்கும்மா"ங்கா.

அவன் அங்க அறுக்கான், இவளுக்கு இங்க வலிக்கு! யாரு சொன்னா நம்புவா? நீ நம்புதியா? நான் கண்ணால கண்டேன்.

அதுக்கப்புறம் எனக்கு நிதானமே இல்லை. அவன் கொண்டுவந்த பெல்ட்டை மாட்டிப் பாக்கான், அது தொளதொளன்னு தொங்குது. பழைய பெல்ட்டுல நம்பர் கிழிஞ்சு போச்சாம், போன்ல என்ன வண்டின்னு கேட்டு உத்தேசமா எடுத்துக்கிட்டு வந்தானாம், இது ஏசி வச்ச வண்டிக்கு ஆகாதாம். மறுபடி பைக்கை எடுத்துக்கிட்டு சாத்தூருக்கே போனான். என் பிள்ளை வலியில நெளியுதா, அவன் அளவு பாக்கப் போறான். மாப்பிள்ளை விருதுநகர்லருந்து வேற வண்டி வரச் சொல்லி போன் போட்டாரு. மதுரை டாக்டருக்கும் போட்டாரு. பேசிக்கிட்டே ரோட்டுக்கும் பெஞ்சுக்கும் நடக்காரு. கடைசியில செல்விகிட்ட முட்டி போட்டு உக்காந்து, வயித்துல கையை வச்சு, மெதுவா என்னமோ சொல்லுதாரு. எனக்குக் கேக்கலை. அவ தலையை ஆட்டுதா. நான் பெத்தவ பக்கத்துல நிக்கேன், என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு ரெண்டு பேருக்கும் தோணலை.

சொன்ன வண்டி வாறதுக்கு முன்னால அவன் சரியான பெல்ட்டோட வந்துட்டான். ஒரு ஸ்பேனரை வச்சு எதையோ அமுக்கிப் பிடிச்சு, பெல்ட்டை இந்தச் சக்கரத்துல விட்டு, அந்தச் சக்கரத்துல சுத்தி, சக்கரத்துப் பள்ளத்துல அது சரியாப் பதிஞ்சிருக்கான்னு விரலால தடவித் தடவிப் பாத்தான். தண்ணி ஊத்தினதும் மாப்பிள்ளை வண்டியை எடுத்தாரு. சத்தமே இல்லை. விளக்கு அணைஞ்சுட்டு. எனக்கு அழுகையே வந்துட்டு. கோவில்பட்டிக்கு இன்னும் கூப்பிடு தூரந்தானே! "ஏறு ஏறு, நம்ம டாக்டரம்மா இருக்காக, நேரே போயிருவோம்"ங்கேன்.

வண்டி சாத்தூர்ப் பக்கம்தான் போச்சு. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்துச்சு. அரளிச்செடிக்கு நடுவுல ஒரு இடைவெளி வந்ததும் மாப்பிள்ளை சடார்னு ஒடிச்சுத் திருப்பினாரு. மறுபடியும் மதுரைப் பக்கம். "மாப்பிள்ளை, என்ன இது, எங்க போறீக?"ங்கேன். "டாக்டர் வரச் சொல்லிட்டாங்க அத்தை." "ஏட்டி செல்வி, நீயாவது சொல்லேன்"ங்கேன். அவ கண்ணை மூடிக்கிட்டு, "மதுரைக்கே போயிருவோம்மா. எனக்குப் பயமா இருக்கு"ன்னா. என் மடியில தலையை வச்சுக்கிட்டு என் பிள்ளை அப்படிச் சொல்லுதா. ஓடுத வண்டியில என்ன செய்ய முடியும்? நான் பாட்டுக்கு ஜன்னல் வழியா, கோவில்பட்டி எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கத்தைப் பாத்துக்கிட்டே போனேன்.

மதுரை டாக்டர், வெயிலு, அலைச்சலு, தண்ணி குடிக்காதது, பிள்ளைக்கு ஒண்ணுமில்லன்னாக. ஆனா பிரசவம் வரைக்கும் பிரயாணம் கூடாதுன்னுட்டாக. அதோட முடிஞ்சு போச்சு. சம்பந்தியம்மா என்கிட்ட, "நீங்களும் இங்கேயே இருங்க, பிரசவம் வரைக்கும் நாம ரெண்டு பேரும் பாத்துக்கிடுவோம்"னாக. எப்படிப் பேச்சு பாரு! என் வீட்டுல நடக்க இருந்ததுக்கு என்னையே விருந்தாளியா அழைக்காக. எனக்கு ரோசம் இல்லையா? ரெண்டு நாள் இருந்துட்டு வந்துட்டேன்.

ஆனா ஒண்ணு. அன்னைக்கு ராத்திரி சாப்பிடுகையில சம்பந்தியம்மா மாப்பிள்ளையைக் கேட்டாக, "பிள்ளைத்தாச்சியை வச்சுக்கிட்டு வண்டியை இப்படியாடா நடுரோட்டுல போடுவே? என்னடா ஆச்சு?"ன்னு. அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "பெல்ட் பழசும்மா. மாத்தாம விட்டுட்டேன். என் தப்புதான்"னாரு. அந்தம்மா அவரை வாங்கு வாங்குன்னு வாங்கினாக. செல்வி, அவளும், "முன்னாலயே பாத்திருக்கலாம்ல"ன்னு கோவிச்சுக்கிட்டா. அவரு சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தாரு. பாத்தியா, அவரே ஒத்துக்கிட்டாரு, தன் தப்புன்னு. நான் அதுக்குமேல ஒண்ணும் சொல்லலை. வாயாலேயே ஒத்துக்கிட்ட மனுசனை என்ன சொல்ல?

கயித்தைப் பத்தி மட்டும் வீட்டுல யாருகிட்டயும் மூச்சு விடலை அவரு. இன்னைக்கு வரைக்கும் செல்விக்குத் தெரியாது; பெஞ்சு தள்ளிக் கெடந்துச்சு, லாரிச் சத்தத்துல அவளுக்கு ஒண்ணும் கேக்கலை. ஏன் சொல்லலை? சொன்னா நான் கட்டின கயிறுதான் காப்பாத்துச்சுன்னு வெளிய வந்துரும்லா. அறுத்துப் போட்ட பாவமும் வெளிய வந்துரும். அந்தத் துண்டையெல்லாம் என்ன செஞ்சாருன்னும் தெரியலை.

என்ன தாயி, ஏன் அப்படிப் பாக்க?

அன்னைக்கு மாப்பிள்ளையும் இப்படித்தான் பாத்தாரு. அச்சு அசல் இதே பார்வை.

என்ன சொல்லுத? கயிறு சிக்கினதாலதான்னா? அந்த மெக்கானிக் சொன்னதையே நீயும் சொல்லுதியே, படிச்ச பிள்ளை. அவனுக்கு ரப்பரைத் தெரியும். அம்மனைத் தெரியுமா? சரி, நீ சொல்லுதபடியே வச்சுக்கிடுவோம். என் கயிறுதான் சிக்கி, என் கயிறுதான் அறுத்து, அதனாலதான் என் பிள்ளை என் வீட்டுக்கு வரலைன்னு வச்சுக்கிடுவோம். அப்படின்னா நான் இனிமே என்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உயிரோட இருக்க? சொல்லு. சொல்லத் தெரியலைல்லா? அப்பம் பேசாம இரு.

கோவப்படலை தாயி. உம்மேல எனக்கென்ன கோவம். தண்ணி குடிக்கியா? இந்தா.

நாளைக்குத் தொட்டில்ல போடுதாக. பேரு வைக்காக. அங்கயும் நான் ஓரமாத்தான் நிப்பேன். சம்பந்தியம்மா மறுபடி கையைப் பிடிச்சு இழுப்பாக, நான் உருவிக்கிடுவேன். பிள்ளையை ஒருதரம் மடியில வாங்கிப் பாத்துட்டு, இந்தத் துணியைக் குடுத்துட்டு வர வேண்டியதுதான். அதுக்குமேல எனக்கு என்ன இருக்கு அங்க? போன்ல பாத்தேன், மூக்கு அப்படியே எங்க வீட்டுக்காரக மூக்கு.

மதுரை வந்துட்டா? மாட்டுத்தாவணிதானே? மாப்பிள்ளை வண்டியோட வாறேன்னு சொல்லியிருக்காரு. ஆட்டோவுல வந்துக்கிடுதேன்னு சொன்னேன், "பை இருக்கும்லா அத்தை, நான் வாறேன்"னாரு. எனக்கும் அதுதான் வேண்டியிருந்துச்சு.

இந்த மஞ்சப் பையில என்ன இருக்குன்னு கேக்கவே இல்லையே நீ? புதுக்கயிறு. போன வெள்ளிக்கிழமை வாங்கினேன். போன தடவை கொஞ்சம் சன்னமா இருந்துட்டு, அதான் அவன் பிளேடுக்குத் தாங்கலை. இந்தத் தடவை பூசாரிகிட்டச் சொல்லி முப்புரியாத் திரிச்சு, நல்ல தடிமனா, நல்ல நீளமா வாங்கியிருக்கேன். இழுத்துப் பாரு, அறுக்க முடியுமான்னு பாரு. முன்மூடியைத் திறக்கவும் இப்பம் எனக்குத் தெரியும். டிரைவர் சீட்டுக்கிட்ட கால்மாட்டுல ஒரு கம்பி இருக்கு, அதை இழுத்தா டொக்குன்னு திறந்துக்கிடும். அன்னைக்கு மாப்பிள்ளை இழுக்கையில பாத்து வச்சிருக்கேன்.

எனக்கு ஒரு உதவி செய்வியா தாயி? இறங்கினதும் அவரு வந்து பையை வாங்குவாரு. நீ அவர்கிட்ட ஏதாவது கேட்டுக்கிட்டு நில்லு. எந்த பஸ்ஸு எங்க நிக்கும்னு கேளு, எதையாவது கேளு. நல்ல மனுசன், நின்னு பொறுமையாச் சொல்லுவாரு. கொஞ்சம் நேரம் போதும் எனக்கு, மூணு முடிச்சுத்தான்.

இனி எம்பேத்தி அந்த வண்டியிலதானே போகும் வரும்? சும்மா இருன்னா எப்படி இருக்க முடியும் என்னால?